இட்டேரிக் கள்ளிமுளையான்

மாப்பிள்ளை ஊருக்கு வந்துவிட்டார், வீட்டுக்குத்தான் வரவில்லை. நாச்சியம்மாளுக்கு அன்றைக்குக் காலையிலிருந்து கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மோர் கடைய உட்கார்ந்தவள் வெண்ணெய் திரண்டது தெரியாமல் கடைந்துகொண்டே இருந்தாள்.

கொடுமுடி ரயிலடியிலிருந்து அழைத்துவர விடிவதற்கு முன்பே சவாரி வண்டியைப் பூட்டி அனுப்பியிருந்தார்கள். வண்டி திரும்பி வந்தபோது அதிலிருந்து இறங்கியது மகள் சாந்தாமணி மட்டும்தான். வண்டியோட்டி ராசப்பன் மாட்டை அவிழ்த்துக்கொண்டே சேதி சொன்னான்.

"இட்டேரி முக்குலயே நிறுத்தச் சொல்லி எறங்கிக்கிட்டாருங்க. கையில ஒரு தூக்குப்போசி வெச்சிருக்கறாரு. வேலிக்குள்ள தலைய உட்டுப் பாத்துக்கிட்டு நிக்கறாருங்க."

தூக்குப்போசி என்ற சொல்தான் நாச்சியம்மாளைச் சுட்டது. அப்படியானால் கோயமுத்தூரிலிருந்தே சோறு கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். மாமியார் வீடு கூப்பிடு தூரத்தில் இருக்க, வேலியோரத்தில் உட்கார்ந்து ஆறிப்போன இட்லியைத் தின்னப் போகிறார். ஊரில் நாலு பேர் பார்த்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

"நீ சொல்லக் கூடாதா கண்ணு?" என்றாள் மகளிடம்.

"சொல்லாம இருப்பனாம்மா? ஈரோட்டுல ரயில் மாறுன நேரத்துல இருந்து சொல்லிக்கிட்டேதான் வாரேன். 'நான் செடிக்கு வாரேன், ஊட்டுக்கு வல்லே'ன்னு ஒரே பேச்சு. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்றது?"

"அப்பிடி என்ன செடி? கோயமுத்தூர்ல இல்லாத செடியா நம்ம வேலியில இருக்குது?"

சாந்தாமணி வாசலைப் பார்த்தாள். கட்டுத்தறியில் அப்பா எருமைக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தார்.

"போம்மா. அதக் கேட்டா நீ சிரிப்பே. நீ சிரிக்காட்டியும் அப்பா சிரிப்பாரு. ஒருக்கா சிரிச்சது போதும்."

அதற்கு மேல் நாச்சியம்மாள் கேட்கவில்லை. அந்த ஒருக்கா சிரித்ததுதான் வீட்டையே இப்படி ஆக்கிவைத்திருந்தது.

தம்பிதுரைக்குச் சொந்த ஊர் துடியலூர். கோயமுத்தூர் விவசாயக் காலேஜில் உத்தியோகம். செடிகொடிகளைப் பறித்துவந்து, காகிதத்துக்கு நடுவில் வைத்து அழுத்திக் காயவைத்து, அட்டையில் ஒட்டி, இன்ன செடி இன்ன ஊரில் கிடைத்தது என்று எழுதி அலமாரியில் அடுக்குகிற வேலை. பெண் கேட்டு வந்தபோது 'விவசாயக் காலேஜ்' என்பது மட்டும்தான் பாலுசாமிக் கவுண்டர் காதில் விழுந்தது. மாப்பிள்ளை வந்து கம்போடியாப் பருத்தியில் வெள்ளாமையை இரண்டு பங்காக்கிக் காட்டுவார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். தலைத் தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளையோ பருத்திக் காட்டை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கொறங்காட்டுக்குள் போய், ஆடு மேய்கிற புல்லுக்கு நடுவில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, நெருஞ்சியையும் நாயுருவியையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கவுண்டருக்கு முகம் விழுந்துபோயிற்று.

அன்றைக்குப் பந்தியில் பங்காளிகள் வரிசையாக உட்கார்ந்திருக்க, கறிக்குழம்பை ஊற்றிக்கொண்டே அவர் சொன்னார்: "நாம காட்டுல புடுங்கி எறியற களையப் பொறுக்கி ஒட்டி வெக்கறதுக்கு ஒரு உத்தியோகம், அதுக்குச் சர்க்காரு ஒரு சம்பளம். நம்ம மாப்ள களை பொறுக்கறவருங்க."

வேடிக்கையாகத்தான் சொன்னார். அந்த மனுஷனுக்கு வேடிக்கைக்கும் வெட்டுக்கும் வித்தியாசம் தெரியாது, பிறவியே அப்படி. பங்காளிகள் சிரித்தார்கள். தம்பிதுரை பாதி இலையில் எழுந்து கை கழுவினார். அன்று மாலை ரயிலுக்குப் போனவர்தான், அப்புறம் இந்த வாசலை மிதிக்கவில்லை. நல்லது கெட்டதுக்கெல்லாம் சாந்தாமணி தனியாகவே வந்து போனாள். ஒவ்வொரு தடவையும் ஊரில், "ஏனம்மணி, உன்ற ஊட்டுக்காரர் வல்லியா?" என்று கேட்பார்கள். "வேலைங்க" என்பாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிச் சொல்லி அவள் முகமே சின்னதாகிப் போனது போல் தாய்க்குத் தோன்றியது. அடுத்த தீபாவளிக்கு நாச்சியம்மாள் கச்சாயம் சுடவில்லை. ஏன் என்று கவுண்டரும் கேட்கவில்லை.

இப்போது வந்தும் வராமல் இருந்தால் என்ன செய்வது? நல்ல சோறாக ஆக்கி வைக்கலாம் என்றால், ஆக்கி வைத்து அவர் தொடாமல் போனால் அதை எந்த வாயால் தின்பது? வீட்டுக்கு எப்போதும் போல் கம்மஞ்சோற்றை மட்டும் கிண்டி இறக்கிவிட்டு, அடுப்பில் மிச்சமிருந்த தீயைப் பார்த்துக்கொண்டு அவள் உட்கார்ந்துவிட்டாள்.

ஐப்பசி மழை நன்றாகப் பிடித்துப் பெய்து ஓய்ந்திருந்த நேரம் அது. கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல் கதிர் வாங்கி நின்றது. செம்மறிகள் தலையைத் தூக்காமல் மேய்ந்தன. ஊருக்குள் வருகிற இட்டேரியில் இரண்டு பக்கமும் கிளுவை வேலி தழைத்து, ஒரு வண்டி போகிற தடத்தையும் பாதி மூடியிருந்தது. வேலியடியில் ஈரம் காயாத செம்மண். அந்த மண்ணில் கோயமுத்தூர் வேட்டியோடு மண்டி போட்டு மாப்பிள்ளை நகர்ந்துகொண்டிருப்பதைக் களையெடுக்கப் போன பெண்டுகள் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். என்னமோ மோதிரத்தைத் தொலைத்துவிட்டார் என்று அவர்கள் எண்ணம். நாச்சியம்மாளும் இல்லை என்று சொல்லவில்லை.

பொழுது உச்சிக்கு ஏறுகிற நேரம். சாந்தாமணி பக்கத்து வீட்டுத் தெய்வாத்தாளின் குழந்தையைப் பார்க்கப் போயிருந்தாள். நாச்சியம்மாள் அடுப்படியில் இருந்தாள். வீட்டுக்குப் பின்னால் பொடக்காளிப் பக்கமாகச் செருப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தவள் சட்டென்று கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள். மாப்பிள்ளை.

முழங்கால் வரைக்கும் சேறு. கன்னத்தில் முள் கீறியிருந்தது. கையில் வாழைநாரால் கட்டிய ஒரு சின்னக் கட்டு. "சாந்தாமணி" என்று இரண்டு தடவை கூப்பிட்டார்.

மாமியார் மாப்பிள்ளையிடம் நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் அந்த வீடுகளில் கிடையாது. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, நடுவில் ஒரு ஆளை வைத்துத்தான் பேச்சு. ஆள் இல்லாவிட்டால் தூணைப் பார்த்துப் பேசலாம். அன்றைக்கு அடுப்படி வாசலில் பூனை படுத்திருந்தது, அதுவும் நல்லதாகப் போயிற்று.

"ஏ பூனை, சாந்தாமணி தெய்வாத்தா ஊட்டுக்குப் போயிருக்கறா. இப்ப வந்துருவா" என்றாள் நாச்சியம்மாள்.

தம்பிதுரையும் முறை தெரிந்தவர்தான். பூனையைப் பார்த்தே சொன்னார். "வந்தான்னா இட்டேரிக்கு வரச் சொல்லு."

தண்ணீர்ப் பானைகள் வைத்திருக்கிற மேடை அடுப்படி வாசலை ஒட்டி இருந்தது. அங்கே எப்போதும் நிழலும் குளிர்ச்சியும்தான். பானைக்கு மேலே ஒரு ஆணி. கையிலிருந்த கட்டை அந்த ஆணியில் மாட்டி, காற்றில் ஆடாமல் இருக்கிறதா என்று ஒரு தடவை தொட்டுப் பார்த்து, ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு, வந்த வழியே போனார். கட்டைப் பற்றிப் பூனையிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

நாச்சியம்மாள் வெளியே வந்து பார்த்தாள். கள்ளிமுளையான். விரல் பருமனில், நாலு பட்டையாக, இலையே இல்லாமல் சதைப்பற்றாக நீண்ட இளந்தண்டுகள். 

அந்த ஊரில் ஆண்பிள்ளைகள் வாயைத் திறந்து இன்ன கறி ஆக்கு, இன்ன குழம்பு வை என்று கேட்கமாட்டார்கள், அது ஒரு கௌரவம். வேலியில் கண்ட கோவைக்காயோ, மழைக்கு முளைத்த காளானோ, ஒரு பிடி கள்ளிமுளையானோ பறித்து, நாரில் கட்டி, அடுப்படி ஆணியில் மாட்டிவிட்டுப் போவார்கள். பெண்பிள்ளைகள் அதைப் பார்த்துப் புரிந்துகொண்டு ஆக்கிவைக்க வேண்டும். கவுண்டர் இத்தனை வருஷத்தில் கேட்டதெல்லாம் அந்த ஆணி வழியாகத்தான். இப்போது அதே ஆணியில் மாப்பிள்ளை கேட்டிருக்கிறார். கள்ளிமுளையான் துவையல் அரைத்துப் போடு, உன் வீட்டில் சோறு தின்கிறேன் என்று கேட்டிருக்கிறார்.

கட்டுத்தறிக்கு ஓடினாள். "ஏனுங், மாப்ள கேட்டுப்போட்டாருங்."

"என்னத்தக் கேட்டாரு?"

"சோறு கேட்டுப்போட்டாருங்."

பாலுசாமிக் கவுண்டர் கையிலிருந்த தட்டைக் கீழே போட்டார்.  பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"செரி, ஆக்கு. நெய்யி நெறைய உடு. நான் அக்கட்டால களத்துல போயி இருந்துக்கறேன். என்னயக் கண்டா மறுக்கா எந்திரிச்சுப் போயிருவாரு."

நாச்சியம்மாளுக்கு அப்புறம் எங்கிருந்துதான் அத்தனை கை வந்ததோ. அரிசியையும் துவரம்பருப்பையும் களைந்து, சின்ன வெங்காயமும் பூண்டும் தட்டிப் போட்டு, அரிசிம்பருப்புச் சோற்றை ஏற்றினாள். பச்சைப்புளி கரைத்து ரசம் வைத்தாள். அப்பளம் பொரித்தாள். கடைசியாகத்தான் கள்ளிமுளையானைக் கையில் எடுத்தாள். பட்டை ஓரத்து நாரை உரித்தாள். சில தண்டுகளின் நுனியில் பூ இருந்தது. மூக்குத்தி அளவுக்கு அஞ்சிதழ்ப் பூ, கருஞ்சிவப்பு, ஓரத்தில் மயிர் மயிராக ஏதோ நடுங்கிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் அரைத்தும் இது பூத்து அவள் பார்த்ததில்லை. முகர்ந்து பார்த்தாள், வாடை நன்றாக இல்லை. நுனியை ஒட்டக் கிள்ளிக் கழனித்தண்ணியில் போட்டாள். தண்டைக் கடலெண்ணெயில் வதக்கி, வரமிளகாயும் உளுந்தும் உப்பும் வைத்து அம்மியில் மைய அரைத்தாள். கழனியைத் தூக்கிக்கொண்டுபோய் எருமைக்கு ஊற்றினாள்.

சாந்தாமணி வந்தபோது வீடே மணத்தது.

"போயி அவியளக் கூட்டிக்கிட்டு வா கண்ணு. சோறாயிருச்சு."

"அவிய வரமாட்டாங்கம்மா. சும்மா எதுக்கு."

"அவியளே கேட்டுப்போட்டாங்க. போ, ஆறிப்போயிரும்."

சாந்தாமணி தாயின் முகத்தையே பார்த்தாள். "நெசமாலுமா? அவியளே கேட்டாங்களா?"

"பின்ன நான் பொய்யா சொல்றேன்?"

தாலி கட்டிய அன்றைக்குக்கூட அவள் முகம் அப்படி மலர்ந்ததில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி இட்டேரிக்கு ஓடினாள். அங்கே புருஷனிடம் என்ன சொன்னாளோ, அவர் என்ன சொன்னாரோ, நாச்சியம்மாளுக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். மாப்பிள்ளை கிணற்றடியில் கை கால் கழுவி, முன்கூடமான ஆசாரத்தில் போட்டிருந்த பலகையில் வந்து உட்கார்ந்தார். முகத்தில் ஒரு யோசனை இருந்தது. ஆனாலும் உட்கார்ந்தார்.

கதவிடுக்கில் நின்று நாச்சியம்மாள் பார்த்தாள். சாந்தாமணி இலை போட்டுப் பரிமாறினாள். சோறு, அதன்மேல் நெய், ஓரத்தில் துவையல். தம்பிதுரை ஒரு வாய் பிசைந்து, துவையலைத் தொட்டுப் போட்டார்.

போட்டவர் மெல்லவில்லை. கை அப்படியே நின்றுவிட்டது. நாச்சியம்மாளுக்குப் பகீரென்றது, கல் கில் இருந்துவிட்டதோ? அவர் இலையில் இருந்த துவையலை விரலால் மெதுவாகத் தடவினார். மசியாத ஒரு சின்னத் துணுக்கை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பித் தண்ணீர்ப் பானைக்கு மேலிருந்த ஆணியைப் பார்த்தார். சாந்தாமணி ரசம் எடுக்கக் குனிந்திருந்தாள், அவள் எதையும் கவனிக்கவில்லை.

அவர் அந்தத் துணுக்கை வாயில் போட்டு மென்றார். விழுங்கினார்.

"இன்னொரு கை துவையல் வெக்கச் சொல்லு" என்றார்.

நாச்சியம்மாளுக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. அந்த இலையில் அவர் மூன்று தடவை சோறு வாங்கித் தின்றார். துவையலை வழித்து வழித்துத் தின்றார். கடைசியில் இலையில் ஒரு பருக்கை இல்லை. இலையை உள்பக்கமாக மடித்துவிட்டு எழுந்தார். அந்த மடித்த இலையை எடுக்கும்போது நாச்சியம்மாளுக்குச் சாமிக்குப் படைத்ததை எடுக்கிற மாதிரி இருந்தது.

மாப்பிள்ளை வேப்பமரத்தடிக் கட்டிலில் போய் வெற்றிலை போட உட்கார்ந்தார். தாயும் மகளும் அடுப்படியில் ஒரே தட்டில் சோறு போட்டுக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் சிரிப்பு சிரிப்பாக வந்தது. தின்று கை கழுவின கையோடு சாந்தாமணி, "செடிய வாட்டப் போட்டிருக்கறேன்னு சொன்னாங்களே, எங்கம்மா வெச்சிருக்கறாங்க? கருதாசிக்கு நடுவுல வெச்சு அழுத்தோணுமாம்" என்றாள்.

"என்ன செடி?"

"இட்டேரியில பறிச்சதும்மா. பானை மேல தொங்கவுட்டிருக்கறேன்னு சொன்னாங்க."

"அதா? அது உன்ற ஊட்டுக்காரர் வயித்துல இருக்குது" என்றாள் நாச்சியம்மாள் சிரித்துக்கொண்டே.

சாந்தாமணி சிரிக்கவில்லை. ஆணியைப் பார்த்தாள், அம்மியைப் பார்த்தாள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, அதுக்குத்தாம்மா அவிய வந்ததே."

பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. ஆடிப்பெருக்குக்குச் சாந்தாமணி வந்துவிட்டுத் திரும்பும்போது தாய் கட்டிக்கொடுத்த கள்ளிமுளையானில் ஒரு தண்டைத் தம்பிதுரை எடுத்துப் பார்த்தாராம். பட்டையும் பல்லும் வழக்கம்போல் இல்லையே என்று தொட்டியில் நட்டாராம். புரட்டாசியில் ஒரே ஒரு பூ விட்டது, விரிந்த அன்றே அணில் கடித்துப் போட்டது. பார்த்த மட்டுக்கும் அப்படிப் பூ அவர்கள் காலேஜ் அலமாரி எதிலும் இல்லை, புத்தகம் எதிலும் இல்லை.

"நாம கள்ளிமொளையான்னு சொல்லி அரைச்சுத் தின்னாலும், இது வேற சாதியாம்மா. இதுவரைக்கும் உலகத்துல ஆரும் பாத்து எழுதி, பேரு வெச்சதில்லியாம். பூவப் பாத்து, இத்தன இதழு, இன்ன நெறம்னு அளந்து எழுதி, பூவோட காயவெச்சுச் சீமைக்கு அனுப்புனாத்தான் ஒத்துக்குவாங்களாம். காத்தால இருந்து தேடியும் ஒரே பொதரு மட்டுந்தான் பூத்திருந்துச்சாம். சாராயத்துல போட்டு வெக்கலாம்னா, கொண்டாந்த சீசா வண்டி குலுங்குனதுல கவுந்துபோச்சு. அதான் வாடட்டும்னு இங்க தொங்கவுட்டாங்க. பச்சையா அழுத்துனா கருதாசிக்குள்ளயே மொளைக்குமாம்."

"பூவு? பூவ நான் கிள்ளிக் கழனியில..." நாச்சியம்மாள் கட்டுத்தறிப் பக்கம் திரும்பினாள். "எருமைக்கு ஊத்திப்போட்டனே கண்ணு."

"இனி அடுத்த ஐப்பசிக்குத்தாம்மா. அதுக்குள்ள வேற ஆராச்சும் வேற வேலியில கண்டு பேரு வெச்சுட்டா, போனது போனதுதான்."

"நீ எங்கிட்டக் காத்தாலயே சொல்றதுக்கென்ன?"

"தொவையல் அரைக்கற செடிக்கு ரயிலேறி வந்திருக்கறாருன்னு தெரிஞ்சா அப்பா என்ன சொல்லுவாரு? அதான் சொல்லல."

களத்திலிருந்து கை கழுவ வந்திருந்த பாலுசாமிக் கவுண்டர் பொடக்காளியில் நின்று இது அத்தனையும் கேட்டுக்கொண்டிருந்தார்.  கட்டுத்தறியில் கண்ணை மூடி அசைபோட்டுக்கொண்டிருந்த எருமையை ஒரு பார்வை பார்த்தார். தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று இட்டேரிப் பக்கம் போனார்.

நாச்சியம்மாள் எவ்வளவு நேரம் அடுப்படியில் நின்றாளோ. முன்பு புருஷன் ஒரு வார்த்தையால் செய்ததை இன்றைக்குத் தான் அம்மியால் செய்துவிட்டோம் என்று நினைத்து நினைத்து வெந்தாள். மாப்பிள்ளை இன்றைக்குப் போனால் இனி செடிக்கும் வரமாட்டார். பூனையைத் தேடினாள், அது எங்கோ போயிருந்தது. தூணிடம் சொல்கிற சங்கதியா இது? முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து செய்யாத காரியமாக, வாசலைக் கடந்து வேப்பமரத்தடிக்குப் போய் மாப்பிள்ளைக்கு நேராக நின்றாள்.

தம்பிதுரை பதறிப்போய்க் கட்டிலை விட்டு எழுந்தார்.

"மாப்ள, நான் தெரியாமச் செஞ்சுபோட்டனுங்க. நீங்க தொவையலுக்குத்தான் கட்டித் தொங்கவுட்டீங்கன்னு நெனைச்சுப்போட்டேன். அது பேரு வெக்காத செடின்னு எனக்குத் தெரியாதுங்க."

"தெரியுமுங்க அத்தை."

"என்ன தெரியுமுங்க?"

"மொத வாயிலயே தெரிஞ்சுதுங்க. நம்ம கள்ளிமொளையான் புளிக்கும். இது புளிப்பே இல்லீங்க, அடியில ஒரு கசப்பு. ஆணியப் பாத்தேன், கட்டக் காணம். செரி, பேரு வெக்கறதுக்கு முன்னாலயே தொவையலாயிருச்சுன்னு நெனைச்சுக்கிட்டேன்."

நாச்சியம்மாள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "தெரிஞ்சுமா தின்னீங்க? தெரிஞ்சுமா மறுக்கா வெக்கச் சொன்னீங்க?"

 தம்பிதுரை கன்னத்துக் கீறலைத் தடவிக்கொண்டார்.

"மொத வாயிலயே கைய ஒதறியிருந்தன்னா, இந்த ஊட்டுல நான் பாதி எலையில எந்திரிக்கறது ரெண்டாவது தடவையாப் போயிருக்குமுங்க. போன தடவை நான் எந்திரிச்சுப் போயிட்டேன். பட்டதெல்லாம் சாந்தாமணி. இந்த ஊருக்கு ஒத்தையில வந்து வந்து அவ கூனிப்போனதை நானுந்தான் பாக்கறேன். எனக்கு ரோசம் பெருசா இருந்துச்சு, பாத்தும் பாக்காத மாதிரி இருந்துக்கிட்டேன். இன்னைக்கு இட்டேரிக்கு ஓடியாந்து, 'நீங்களே சோறு கேட்டீங்களாமா'ன்னு கேட்டா. நான் கேக்கவே இல்லீங்க. ஆனா அவ மூஞ்சியப் பாத்தா, கேக்கலீன்னு சொல்ல வாய் வல்லே. அப்பிடி ஒரு மூஞ்சி அத்தை."

"அப்ப உங்க உத்தியோகம்? அந்தச் செடி?"

"வலிக்கத்தானுங்க செய்யுது" என்றார் அவர். "ஆடியில இருந்து அந்தப் பூவ நெனைச்சுக்கிட்டே தூங்குனேன். வெள்ளைக்காரங்க எழுதாத ஒண்ணை நாம எழுதப் போறம்னு ஆசை. இல்லீன்னு சொன்னா பொய்யி. போகுதுங்க, அடுத்த ஐப்பசிக்கு வந்து பாக்கறேன்."

அடுத்த ஐப்பசிக்கு என்ற சொல் காதில் விழுந்ததும் நாச்சியம்மாளுக்குச் சட்டென்று ஒரு சந்தோஷம் பொங்கியது. அவர் வாய் பூவுக்காகச் சொல்ல, தன் மனசு அதைத் தீபாவளிக்கு என்று எடுத்துக்கொள்கிறதே, இது என்ன புத்தி என்று தன்னையே வைதுகொண்டாள். வைதும் அந்தச் சந்தோஷம் போகவில்லை.

அந்நேரம் பாலுசாமிக் கவுண்டர் இட்டேரியிலிருந்து வந்து சேர்ந்தார். கை முழுக்க முள் கீறல், முதுகெல்லாம் செம்மண். துண்டில் பெரிய மூட்டை. மாப்பிள்ளை முன்னால் மூட்டையை இறக்கி அவிழ்த்தார். வேலியில் பூத்தது என்று எதெல்லாம் உண்டோ அத்தனையும் அதில் கிடந்தது. தும்பை, விஷ்ணுகிராந்தி, முடக்கத்தான், வேலிப்பருத்தி, பேர் தெரியாத பூண்டுகள். அடியில் வேரோடு இரண்டு கள்ளிமுளையான் தண்டு, பூ இல்லாமல்.

"எதுன்னு எனக்குத் தெரியலீங் மாப்ள" என்றார் கவுண்டர். மூச்சு வாங்கியது. "கண்ணுல பட்டதெல்லாம் கொண்டாந்துட்டேன். பாருங்க."

தம்பிதுரை மாமனாருக்கு எதிரில் மண்ணில் உட்கார்ந்தார். மூட்டையைத் தள்ளிவிடவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து, பூவைத் திருப்பிப் பார்த்து, பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்து, ஒரு பக்கமாக வைத்தார். கவுண்டரும் குனிந்து கூடவே பார்த்தார். இரண்டு தலையும் ஒட்டினாற்போல் இருந்தன. கள்ளிமுளையான் வந்தபோது தம்பிதுரை அதைத் தனியாக ஈரத்துணியில் சுற்றினார்.

"இது அதேதானுங்க மாமா. பூத்தான் இல்ல. தொட்டியில வெச்சுப் பாக்கறேன்."

"அந்த வேலிய நான் வெட்டலீங். தை மாசத்துல வெட்டிப்போட்டுக் கம்பி இழுக்கலாம்னு இருந்தேன். இருக்கட்டும்" என்றார் கவுண்டர். பிறகு கையிலிருந்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "களை பொறுக்கறது லேசுப்பட்ட வேலை இல்லீங் மாப்ள" என்றார்.

அந்த மனுஷனுக்கு மன்னிப்புக் கேட்க அதற்கு மேல் தெரியாது. சாந்தாமணி வாசற்படியில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மேற்கே மழை இருட்டிக்கொண்டு வந்தது. சாயங்கால ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று ராசப்பன் வண்டியைப் பூட்டிக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். கோயமுத்தூர்த் தூக்குப்போசியை யாரோ திறக்காமலேயே வண்டியில் எடுத்து வைத்திருந்தார்கள். நாச்சியம்மாள் அதைப் பார்த்தாள். வந்ததற்கு ஒரு வேளை தின்றாரே, அதுவே போதும், பேராசை கூடாது என்று மனசை அடக்கிக்கொண்டு நின்றாள்.

தம்பிதுரை எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். வானத்தைப் பார்த்தார்.

"வண்டிய அவுத்துரு ராசப்பா. மழை பேஞ்சா காத்தால எங்கியாச்சும் ஒரு மொட்டு விரியும். தேடிப் பாத்துட்டுத்தான் போகோணும்."

பிறகு மாமியாரைப் பார்த்துத் திரும்பினார். நடுவில் ஆளும் இல்லை, தூணும் இல்லை.

"மத்தியானம் நான் கேக்கலீங்க அத்தை. இப்பக் கேக்கறேன். ராத்திரிக்கு என்னங்க சோறு?"

நாச்சியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்ன வேணும்னு நீங்களே சொல்லுங்க சாமி. எது வேணும்னாலும் ஆக்கறேன்" என்றாள்.

"எதுன்னாலுஞ் செரிங்க" என்றார் தம்பிதுரை. "தொவையல் மாத்தரம் வேண்டாமுங்க."